பேக்கப் இருக்கு, ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்களா?

இரவு பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி. இப்போது வேறு ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார். "அண்ணே, டேட்டாபேஸ் சர்வர்ல டிஸ்க் போயிடுச்சு. பயமில்லை, பேக்கப் இருக்கு. ரீஸ்டோர் பண்ணும்போதுதான் ஏதோ எரர் வருது, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

ரீஸ்டோர் என்றால் அந்த நகலிலிருந்து தகவலைத் திரும்ப எடுப்பது. திரையைப் பகிரச் சொன்னேன். பேக்கப் ஃபோல்டரில் ஒரு நாள் விடாமல் கோப்புகள் வரிசையாக இருந்தன. பெயர் சரி, தேதி சரி. அளவைப் பார்த்தேன்: 20. அடுத்ததும் 20. அதற்குக் கீழேயும் 20. ஜிபி இல்லை, எம்பி இல்லை, வெறும் 20 பைட். அந்தப் பக்கம் தம்பி மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

சர்வர் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த எண் புரியும். உள்ளே எதுவுமே வராமல், கோப்புகளைச் சிறிதாக்கும் ஜிஜிப் என்ற நிரல் சுருக்கிக் கொடுக்கும் காலிக் கோப்பின் அளவு அது. நான்கு மாதத்துக்கு முன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் எடுக்கும் கட்டளைகளை எழுதி வைத்த ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்டே இருந்துவிட்டது. தினமும் நள்ளிரவில் ஸ்கிரிப்ட் ஓடும், டேட்டாபேஸ் உள்ளே விடாது, ஒரு வரிகூட வராது. அந்தக் காலியை ஜிஜிப் சுருக்கித் தேதி போட்டு வைத்துவிடும். ஒன்று தருவது அடுத்ததற்குள் போகும்படி இரண்டு கட்டளைகளைப் பைப் போட்டு இணைத்தால், கடைசிக் கட்டளை நன்றாக முடிந்ததா என்பதை மட்டுமே, கட்டளைகளை ஓட்டும் ஷெல் பார்க்கும். முதல் கட்டளை தோற்றது தெரிய வேண்டுமானால் பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட வேண்டும். அந்த ஒரு வரி அந்த ஸ்கிரிப்டில் இல்லை. கண்காணிப்புத் திரையில் நான்கு மாதமும் பச்சை விளக்குதான்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 30 நாளுக்கு மேல் பழைய கோப்புகளை அழித்துவிடு என்று ஒரு வரி இருந்தது. அது ஒழுங்காக வேலை செய்ததில், உருப்படியான பழைய பேக்கப்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. கடைசியில் சோதனைச் சர்வரில் கிடந்த ஆறு மாதப் பழைய நகல் ஒன்று கைகொடுத்தது. மீதியை வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் போன பில்களைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் தட்டினார்கள். மூன்று வாரம் ஆனது.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் அழிக்க நினைத்த டேட்டாபேஸ் ஃபோல்டரை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். தெரிந்ததும் உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடிப் போனால் அங்கும் ஒன்றுமில்லை. டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளின் 9.6 பதிப்பு; பேக்கப் எடுத்த கருவியோ 9.2-க்கு உரியது. ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் சரியான டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் வழியிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யதேச்சையாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடையில் சேர்ந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தத் துணிவுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடிந்ததே அதனால்தான்.

சரி, சர்வர் கதை நமக்கெதற்கு என்று நினைக்கலாம். உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வருகிறேன்.

உறவுக்கார அக்கா ஒருவர் போனில் இடம் நிறைந்துவிட்டதென்று பழைய படங்களை அழித்தார். "எல்லாம் கிளவுட்ல இருக்குதானே தம்பி, அதனால இங்கே அழிச்சேன்" என்றார். அவர் வைத்திருந்தது சிங்க். சிங்க் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே அதன் வேலை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஐகிளவுட் படங்களில் 30 நாள், கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள், குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதற்குள் எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். அக்கா என்னிடம் சொன்னபோது அந்தக் கெடு தாண்டியிருந்தது. அவருடைய அப்பாவின் கடைசி வருடத்துப் படங்கள் அதில் இருந்தன. சில, சொந்தக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்ததால் சுருங்கிய வடிவில் திரும்பக் கிடைத்தன. மற்றவை இல்லை. அவரிடம் அதைச் சொல்லும்போது எனக்கு வார்த்தை வரவில்லை.

அதனால் யார் "பேக்கப் இருக்கு" என்றாலும் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எப்போது அதிலிருந்து ஒன்றை எடுத்துத் திறந்து பார்த்தீர்கள்? கேட்டதும் பெரும்பாலும் மௌனம்தான் வரும்.

வீட்டில் இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஒரு படம், ஒரு வீடியோ, ஒரு ஆவணம் எடுங்கள். உங்கள் போனில் வேண்டாம், வேறு கணினியில் எடுங்கள். வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பாதியில் வெட்டுப்பட்ட வீடியோக்கள் முதல் சில நொடிகள் நன்றாகவே ஓடும். அப்புறம், போன் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அதே கணினியில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்ட் போனில், ஓடிபி வருவதும் அதே போனில் என்றால் பேக்கப் பத்திரமாக இருக்கும், நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள். போன் இல்லாமலும் கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான். வாட்ஸப் பேக்கப்பை முழு மறையாக்கத்தில் (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ தொலைந்தால் வாட்ஸப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

ஹார்ட் டிஸ்கில் நகல் வைப்பவர்கள் வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கணினியில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் செருகியே கிடக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் இன்னொரு இடத்திலும் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. அசலும் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சில வாடிக்கையாளர்களுக்கு இரண்டுமே சேர்ந்து போயின.

அலுவலகத்தில் சர்வர் பார்ப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேக்கப் ஓடியதா என்று பார்க்கும் எச்சரிக்கையோடு, கோப்பின் அளவு நேற்றையதைவிடத் திடீரென்று குறைந்ததா என்று பார்க்கும் ஒன்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். நாலு வரிதான். மாதம் ஒருமுறை காலியான சர்வர் ஒன்றில் முழுசாக ரீஸ்டோர் செய்யுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள், உண்மையில் விழும் நாளில் மேலாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்தத் தம்பி இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் இதைச் செய்கிறார். முடிந்ததும் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். இடது பக்கம் அசல் டேட்டாபேஸின் வரி எண்ணிக்கை, வலது பக்கம் ரீஸ்டோர் செய்ததன் எண்ணிக்கை. போன மாதம் அதன் கீழே எழுதியிருந்தார்: "41 நிமிஷம் அண்ணே. ரெண்டும் சரியா இருக்கு, நானே எண்ணிட்டேன்."