பொறுப்பு: தோளும் விடையும்

பருவநிலை மாற்றம் பற்றிய செய்திகளில் ‘தேசியப் பொறுப்பு’ என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. ஆங்கிலத்தின் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’, மலாயின் ‘தங்கோங்ஜாவாப்’, நம்முடைய ‘பொறுப்பு’ ஆகிய மூன்றையும் நிகர்ச்சொற்களாகவே புழங்குகிறோம். ஆயினும் அவை பிறந்த இடம் வேறு வேறு.

‘பொறு’ என்னும் வினையடிக்குச் சுமத்தல், தாங்குதல் என்பனவும் பொருள். பழந்தமிழில் ‘பொறை’ சுமையையும் பொறுமையையும் ஒருசேரக் குறித்தது. தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைக் காட்டித்தான் வள்ளுவர் பொறையுடைமையைத் தொடங்குகிறார். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க ஸ்டோருக்கு நடப்பார். கம்பு பதிந்த தோள்பட்டை உள்ளங்கால்போலக் காய்த்திருந்தது. பொறுப்பு என்றதும் எனக்கு அந்தக் காய்ப்புத்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் வினைக்கு ‘எதிர்வாக்குக் கொடுத்தல், விடை சொல்லுதல்’ என்று பொருள். அங்கே சுமை இல்லை. மலாய்ச் சொல்லிலோ இரண்டும் உண்டு: ‘தங்கோங்’ என்றால் சுமத்தல், அரபியிலிருந்து வந்த ‘ஜாவாப்’ என்றால் விடை. (ஒலி ஒத்திருப்பதை வைத்துத் ‘தாங்கு’ என்பதோடு உறவு கொண்டாடக் கூடாது.) அதே அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கும் வந்து, ‘ஜவாப்தாரி’ என முந்தைய தலைமுறையினரின் பேச்சில் வழங்கியது.

1992இல் ரியோ மாநாட்டில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. பருவநிலைச் சாசனம், வளர்ந்த நாடுகள் முன்நிற்க வேண்டும் என்று கூறிய கோட்பாட்டைப் ‘பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். நடுவில் நிற்கும் ‘ஆனால்’ தமிழுக்கு ஒட்டவில்லை. ‘பொதுவில் ஏற்று, அளவில் வேறுபடும் பொறுப்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

‘ஒத்துழைப்பு’ என்பதில் சிக்கல் இல்லை. மலாயின் ‘கெர்ஜாசாமா’வைப் போலவே சேர்ந்து உழைத்தல்தான். எனினும் எல்லைதாண்டும் புகைமூட்டத்துக்காகத் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் செய்த உடன்படிக்கை 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தாக, இந்தோனேசியா அதற்கு ஏற்பளித்தது 2014இல்தான். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் அங்கிருந்து புகை மலேசியாவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, நாடுகள் தரும் உறுதிமொழிக்குப் ‘பங்களிப்பு’ என்று பெயரிட்டது. பங்கை அளிப்பது கொடை. கொடையின் அளவைக் கொடுப்பவரே முடிவு செய்வார். மலேசியா 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாகச் சொல்லியிருப்பது மொத்த உமிழ்வை அன்று, 2005ஐ ஒப்பிட்டு உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வெளியாகும் உமிழ்வை. பொருளாதாரம் வளர்ந்தால் மொத்தம் கூடவும் கூடும். செய்தி எழுதுவோர் இதை வெறுமனே ‘45 விழுக்காடு உமிழ்வுக் குறைப்பு’ என்று எழுதுவது பெரும்பிழை.

அதே உடன்படிக்கை, செய்ததை இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கையாகத் தரச் சொல்கிறது. இதுவே ‘ஜாவாப்’ என்னும் பின்பாதி. இதற்கு ஈழத் தமிழர் ‘பொறுப்புக்கூறல்’ என்ற நல்ல சொல்லை ஏற்கெனவே வழங்குகிறார்கள். நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.