டோக்கன் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள்

10 மணிக்கு அப்பாயின்மென்ட் வாங்கிட்டு 12 மணிக்கு உள்ள வர்றவங்களுக்கு வர்ற கோபம் நியாயமானதுதான். டாக்டர் உள்ள சும்மா உக்காந்திருக்கார்னு நினைக்கிறது மட்டும்தான் பெரும்பாலும் தப்பு.

ஆளுக்கு 10 நிமிஷம்னு ஸ்லாட் போட்டாலும் யாருக்கும் சரியா 10 நிமிஷம் ஆகாது. ஒருத்தர் ரிப்போர்ட்டைக் காட்டிட்டு 3 நிமிஷத்துல கிளம்பிடுவார், அடுத்தவர்கிட்ட பயாப்சில கேன்சர்னு வந்திருக்குன்னு சொல்லணும், அதை வாட்ச்சைப் பாத்துட்டே சொல்ல முடியுமா? மிச்சமான நேரம் அடுத்த ஆள் வரலன்னா வீணாப் போயிடும், லேட்டான நேரம் மட்டும் கடைசி ஆள் வரைக்கும் சேந்துக்கிட்டே போகும். 1952லயே நார்மன் பெய்லிங்கிற புள்ளியியல் நிபுணர் இதைக் கணக்குப் போட்டு, ஆரம்பத்துல 2 பேரை வரச் சொல்லிட்டு மத்தவங்களை சராசரி கன்சல்டேஷன் நேர இடைவெளியில ஒவ்வொருத்தரா கூப்பிட்டா போதும்னு காட்டிட்டார். ஆனா இன்னமும் ஒரே நேரத்துக்கு ஒரு கூட்டத்தையே வரச் சொல்ற ஓபி நிறைய இருக்கு (டாக்டரே லேட்டா வந்தா எந்தக் கணக்கும் நிக்காது, அது வேற விஷயம்).

எனக்கு பயமே சத்தம் போடுறவங்களைப் பத்தி இல்ல, "நம்ம நம்பர் வரட்டும்"னு வாயைத் திறக்காம உக்காந்திருக்கிறவங்களைப் பத்திதான். நெஞ்சுல இறுக்கம், இடது கையிலயோ தாடையிலயோ வலி, காரணமே இல்லாம வேர்த்துக் கொட்டுதுன்னா டோக்கனை மறந்துடுங்க. நெஞ்சுவலியோட வந்தவங்களுக்கு 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும்ங்கிறதுதான் விதி, நீங்க சொன்னாத்தானே எடுப்பாங்க. வாய் ஒரு பக்கமா கோணுது, கை தூக்க வரல, பேச்சு குழறுதுன்னா ஸ்ட்ரோக்கா இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அந்த நேரம் ஆரம்பிக்கிறது நீங்க டாக்டரைப் பாத்ததுல இருந்து இல்ல, கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து. அதனால கூட இருக்கிறவங்க மணியைப் பாத்து வச்சுக்கோங்க.

சுகர்காரங்களுக்கு வர்ற சிக்கல் வேற. ஃபாஸ்டிங் டெஸ்ட்டுக்கு 8 மணி நேரம் சாப்பிடாம வந்து, ரத்தம் கொடுத்தப்புறமும் "பேரைக் கூப்பிட்டுட்டா?"ன்னு சாப்பிடப் போகாம உக்காந்திருப்பாங்க, சில பேர் காலைல மாத்திரையையோ இன்சுலினையோ வேற போட்டுட்டு வந்திருப்பாங்க. கை நடுக்கம், படபடப்பு, வேர்வை வந்து சுகர் 70க்குக் கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், இல்லன்னா தண்ணில 3, 4 டீஸ்பூன் சர்க்கரை கரைச்சு குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக் பண்ணுங்க. மயங்கிட்டவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க.

நர்ஸ்கிட்ட போய் "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்"னு கேட்டா ஒரு நாளைக்கு 50 தடவை கேக்குற கேள்வியாத்தான் அவங்க காதுல விழும். "வந்தப்போ இல்லாத மூச்சுத்திணறல் இப்ப இருக்கு"ன்னு என்ன மாறிச்சோ அதைச் சொல்லுங்க. அப்பவும் உக்காருங்கன்னு சொன்னா, நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.