முதல் வழுக்கலிலேயே கையை எடுங்கள்: ரிமோட் டாங்கியில் இறுகிப்போன ஸ்குரூக்கள் பற்றி

ஏப்ரல் லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி தன் மாமாவோடு ஹட்டனில் இருக்கும் என் கடைக்கு வந்தான். கையில் பெரிய அட்டைப் பெட்டி, இடது புருவத்துக்கு மேலே பிளாஸ்டர். பெட்டிக்குள் 1/16 அளவு டைகர் டாங்கி. கட்டாரிலிருந்து லீவில் வந்த மாமா கொண்டுவந்தது. கூடவே உலோகச் சங்கிலிப் பட்டையும், பழைய பிளாஸ்டிக் கியர்பொக்ஸுக்குப் பதிலாகப் போட இரண்டு ஸ்டீல் கியர்பொக்ஸும் வாங்கி வந்திருந்தார். இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து அடிப்பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து வந்தன, மூன்று வரவில்லை. அந்த மூன்றின் தலையும் குழிக் கிண்ணம் மாதிரித் தேய்ந்து போயிருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்குரூவும் அசையாததால் அதை ட்ரில் பண்ணப் போய், பிட் உடைந்து ஒரு துண்டு பறந்திருக்கிறது. அது பட்ட இடம்தான் புருவம்.

"அண்ணே, இந்த ஸ்குரூவை மட்டும் கழட்டித் தாங்க, மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்றான். எனக்கு ஸ்குரூவைப் பார்க்கவே தோன்றவில்லை. அந்தப் பிளாஸ்டருக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 11 வருடம் பிட்டராக இருந்தவன். ரோலர் மேசைக்கு அடியில் கொழுந்துச் சாறும் ஈரமும் ஊறி இறுகிய போல்ட்டுகளைக் கழற்றிப் பழகிய கை இது. அங்கே நீளமான ரெஞ்சைப் போடுவோம், அசையாவிட்டால் அதன் வாலில் ஒரு குழாயைச் செருகுவோம், அதற்கும் மசியாவிட்டால் காஸ் விளக்கால் சுட்டுச் சுத்தியலால் தட்டுவோம். எப்படியும் பலம்தான் ஜெயிக்கும். கடை போட்டுத் தையல் மெஷின், பிளெண்டர், இப்போது ரிமோட் கார், டாங்கி என்று சின்னச் சாமான்களைத் தொட்ட பிறகுதான் 3 மில்லிமீற்றர் ஸ்குரூவில் பலம் தோற்கும் என்பது புரிந்தது. அங்கே வேலை செய்வது முனைக்கும் தலைக்கும் இடையில் இருக்கும் பொருத்தம் மட்டும்தான். ஸ்குரூ டிரைவர் ஒரு தடவை வழுக்கினால், பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டால் முக்கால்வாசி ஸ்குரூ காப்பாற்றப்படும். நாம் என்ன செய்கிறோம், இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகிப் பார்ப்போமே என்று இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது தடவை திருகுகிறோம். அந்தத் தம்பியின் மூன்று ஸ்குரூவும் இறுகிப்போனதால் கெடவில்லை, வழுக்கிய பிறகும் திருகியதால் கெட்டவை.

சரி, ஏன் வழுக்குகிறது? நாம் ஸ்டார் என்று சொல்கிற பிலிப்ஸ் தலைக்குள் இருக்கும் சுவர்கள் நேராக இல்லை, சாய்வாக இருக்கின்றன. திருகும் விசை கூடக்கூட அந்தச் சாய்வில் ஏறி முனை தானாக வெளியே வரப் பார்க்கும். அதனால் திருகுவதைவிட அமுக்குவது அதிகமாக இருக்க வேண்டும், என்னிடம் வேலை பழகுகிற பையன்களுக்கு முக்கால் பங்கு அமுக்கம், கால் பங்கு திருகல் என்று சொல்லிக் கொடுப்பேன். அளவும் முக்கியம். பிலிப்ஸ் முனையின் அளவை பிஎச் என்று எண் போட்டுச் சொல்வார்கள், எண் கூடினால் முனை பெரிது. டாங்கியின் அடிப்பக்கத்துக்குப் பெரும்பாலும் பிஎச்1 அல்லது பிஎச்2 போகும். பிஎச்1 முனை பிஎச்2 தலைக்குள்ளும் நுழையும், திரும்பவும் செய்யும், அதுதான் ஆபத்து. இரண்டையும் வைத்துப் பாருங்கள், ஆட்டமில்லாமல் அடிவரைக்கும் உட்காருவது எதுவோ அதுதான் சரியானது. முனை மழுங்கிய பழைய டிரைவரைத் தூக்கி வைத்துவிடுங்கள், 2 லட்சம் ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் 200 ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் அது ஒரே மாதிரித்தான் கெடுக்கும்.

ஜப்பான் சாமானில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தமியா மாதிரி ஜப்பான் தயாரிப்புகளில் இருப்பது பிலிப்ஸ் மாதிரியே தெரியும் ஆனால் பிலிப்ஸ் அல்ல, ஜே.ஐ.எஸ் என்ற ஜப்பான் தர அளவு. தலையில் ஒரு சின்னப் புள்ளி பல ஸ்குரூக்களில் இருக்கும், அதைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். பிலிப்ஸ் முனை அதில் அடிவரைக்கும் இறங்காமல் மேலேயே நின்று விளிம்பைத் தின்றுவிடும். பழைய ஹொண்டா பைக்கின் கார்புரேட்டர் ஸ்குரூவைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் எத்தனை பேர், எல்லாம் இதே காரணம்தான். ஜே.ஐ.எஸ் டிரைவர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. அது சாதாரண பிலிப்ஸிலும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும்.

எலன் கீ, அதாவது ஆறு மூலைத் துளைக்குள் போடும் வளைந்த கம்பிச் சாவி, அந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்களும் நிறைய. எம்3 அளவு, அதாவது 3 மில்லிமீற்றர் தடிப்பான, தலையில்லாத ஸ்குரூவுக்கு, அதாவது தண்டைப் பிடிப்பதற்காகத் துளைக்குள்ளேயே புதைந்திருக்குமே அதற்கு, 1.5 மில்லிமீற்றர் கீ வேண்டும். அங்குலக் கணக்கில் 1/16 அங்குலம் என்பது கிட்டத்தட்ட 1.59 மில்லிமீற்றர். அங்குலத் துளையில் 1.5 கீயைப் போட்டால் உள்ளே போகும், பிடிக்காது, ஆறு மூலையும் உருண்டுவிடும். கீயின் நுனியே உருண்டிருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, நுனியில் இரண்டு மில்லிமீற்றரை அரைத்து எடுத்தால் புது மூலை வந்துவிடும்.

அடுத்து, அந்த ஸ்குரூ எதற்குள் போயிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். இதை யோசிக்காமல் வைத்தியம் பார்ப்பதுதான் பெரிய தவறு. உடம்பின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் சேர்ப்பவை பிளாஸ்டிக்குக்குள் தானே மரை வெட்டிக்கொண்டு போனவை. தொழிற்சாலையில் மின்சார டிரைவரால் முறுக்கியிருப்பார்கள், அதனால் பிளாஸ்டிக் கெட்டியாகப் பிடித்திருக்கும். கியர்பொக்ஸிலும் சக்கரத்திலும் இருப்பவை உலோகத்துக்குள் போனவை. அங்கே பெரும்பாலும் மரைப் பசை போட்டிருப்பார்கள், காற்றுப் படாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்து இறுகும் பசை அது. லொக்டைட் என்ற கம்பனியின் பசைகளில் ஊதா நிறத்து 222 சின்ன ஸ்குரூக்களுக்கானது, நீல நிற 243 கொஞ்சம் கெட்டி, ஆனாலும் கைக் கருவியால் கழற்றலாம். சிவப்பு 271 ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் சூடு படாமல் விடாது. நம் ஊருக்கென்று ஒரு மூன்றாவது வகையும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஹட்டனிலும் வருடத்தில் பாதி நாள் மூடுபனி. முற்றத்துப் புல்லில் ஓட்டிவிட்டு ஈரத்தோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிய டாங்கியில், நாக (சிங்க்) உலோகக் கலவையில் வார்த்த சக்கரம், இரும்பு ஸ்குரூ தொடும் இடத்தில் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

உலோகத்தில் துருவும் பொடியும் என்றால் எண்ணெய் விடலாம், ஒரு துளி விட்டு இரவு முழுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1953 இல் சான் டியாகோவில் அதைச் செய்தது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக, 40 ஆவது முயற்சியில் கிடைத்ததால் அந்தப் பெயர். இறுகியதை இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் அதைவிட நன்றாக இறங்கும். (லொக்டைட்டைக் கண்டுபிடித்த பேராசிரியர் கிரீபிள் கம்பனி தொடங்கியதும் அதே 1953 தான். பூட்டும் சாமானும் திறக்கும் சாமானும் ஒரே வருடத்தில் வந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்.) மரைப் பசையை எண்ணெய் அசைக்காது. பிளாஸ்டிக்குக்குள் போன ஸ்குரூவுக்கு எண்ணெயே வேண்டாம். முக்கியமாக, வீட்டில் இருக்கிறதே என்று மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோன் எதையும் ஊற்றிவிடாதீர்கள். டாங்கியின் உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக், அதை அசிற்றோன் கரைக்கும், மற்றவையும் இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கக்கூடும். பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு டாங்கியில் ஸ்குரூ நன்றாகக் கழன்றது, ஆனால் அதைப் பிடித்திருந்த குழாய் மாதிரியான தூண் நீளவாக்கில் பிளந்து போயிருந்தது.

நான் அதிகம் நம்புவது சூட்டைத்தான். சோல்டரிங் அயனின் நுனியை ஸ்குரூத் தலையில் வைத்தால், சூடு ஸ்குரூ வழியாக உள்ளே இறங்கும். பிளாஸ்டிக்குக்குள் போனதற்குச் சில விநாடிகள் போதும், ஏபிஎஸ் 105 பாகைக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். ஐந்து விநாடி வை, எடு, சரியான டிரைவரை நன்றாக அமுக்கி மெதுவாகத் திருகு. வரவில்லையா, ஆறவிட்டு இன்னும் இரண்டு மூன்று விநாடி கூட்டு. நீண்ட நேரம் வைத்தால் மரையே கூழாகி, ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே வராது. உலோகத்தில் பசை என்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட வைக்கலாம், சூடு இருக்கும்போதே திருக வேண்டும். அங்கேயும் மோட்டரைக் கழற்றி எடுத்த பிறகுதான் சுட வேண்டும்.

சுடுவதற்கு முன்னால் பெட்டரியைக் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. லித்தியம் பெட்டரியில் சூட்டு முனை பட்டாலும், ட்ரில் பிட் இறங்கினாலும், ஸ்குரூ விழுந்து இரண்டு முனையும் சேர்ந்தாலும் தீப்பிடிக்கும். லயத்து வீட்டில் ஒரே அறைதான் இருக்கிறதென்றால் வெளியே வாசலில், மழை படாமல். அப்புறம், குளிருக்காக நாம் யன்னலைச் சாத்திக்கொண்டுதான் உட்காருவோம், இந்த வேலைக்கு மட்டும் திறந்து வையுங்கள். பசை எரியும் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

தலை ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்றால்? தலைக்கும் முனைக்கும் நடுவில் அகலமான ரப்பர் துண்டு ஒன்றை வைத்து அமுக்கித் திருகிப் பாருங்கள், லேசாகத் தேய்ந்தவை அதிலேயே வரும். தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் குறட்டால் பக்கவாட்டில் இறுகப் பிடித்துத் திருப்பலாம். ஹெக்சோ பிளேட்டால் தலையில் ஒரு கோடு அறுத்துத் தட்டை டிரைவர் போடலாம். உருண்ட எலன் துளையில் சற்றே பெரிய டொர்க்ஸ் முனையை, அதாவது ஆறு இதழ் நட்சத்திர முனையை, மெல்லத் தட்டி இறக்கலாம், ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் வைத்துத் தட்டாமல் அடியில் மரக்கட்டை கொடுத்துத் தட்ட வேண்டும்.

ட்ரில் என்பது கடைசி வழி, அதற்கும் ஒரு முறை உண்டு. முழு ஸ்குரூவையும் துளைத்து எடுக்கத் தேவையில்லை, தலையை மட்டும் வெட்டினால் போதும். 3 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 3 அல்லது 3.5 பிட், மெதுவான வேகம், நடுவில் பஞ்ச் அடித்துக் குறி வைத்துக்கொண்டு. தலை மோதிரம் மாதிரி கழன்று வரும், மேல் பாகத்தைத் தூக்கிவிடலாம். தலை போனதும் இழுவிசையும் போய்விடுவதால், மிஞ்சிய தண்டு பல நேரம் குறட்டுக்கு உடனே அசைந்து கொடுக்கும். டாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள், துணி சுற்றி வைஸில் பிடியுங்கள். அந்த மாமா மடியில் வைத்துப் பிடித்திருக்கிறார், தம்பி துளைத்திருக்கிறான், பிட் சாய்ந்து உடைந்தது அப்படித்தான்.

கண்ணாடி போடுங்கள். பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. பவர் கண்ணாடி போதாது. பக்கத்தில் நின்று பார்க்கிற தங்கச்சிக்கும் ஒன்று, இல்லையென்றால் அவள் அறைக்கு வெளியே. வெட்டுத் தட்டு போட்டுச் சுற்றும் சின்ன மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதை இரண்டு மடங்கு சொல்கிறேன், அந்தத் தட்டு உடைந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணில் உலோகத் துகள் பட்டால் தேய்க்காதீர்கள், குத்தி நிற்பதை இழுக்காதீர்கள், அமுக்காமல் ஒரு கப்பால் மூடி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், 1990 க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். மலைப் பாதையில், இரவில், மழையில், பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தம்பியின் டாங்கிக்கு வருகிறேன். மூன்றில் ஒன்று ரப்பரில் வந்தது, இரண்டுக்கு அயன் தேவைப்பட்டது, சக்கரத்து ஸ்குரூவில் உடைந்த பிட்டின் மிச்சம் இருந்ததால் அரை நாள் பிடித்தது. எடுத்த ஒவ்வொன்றையும் அட்டையில் டாங்கியின் அடிப்பக்கத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைக்கச் சொன்னேன். நீளம் மாறிப் போட்டால் அதுவே அடுத்த தடவை இறுகும். உள்ளே ஒன்று விழுந்து கிடந்தாலும் எண்ணிக்கையில் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் அது சர்க்யூட்டைப் புகைத்துவிடும். திரும்பப் பூட்டும்போது பிளாஸ்டிக்குக்குள் போகும் ஸ்குரூவை முதலில் இடப்பக்கமாகத் திருப்பினான், பழைய மரையில் டிக் என்று விழுந்ததும் வலப்பக்கம் முறுக்கினான், அப்படிச் செய்தால் புது மரை வெட்டாது. தளர்ந்த ஒரு துளைக்கு ஈர்க்குத் துண்டு ஒன்றைச் செருகினோம். ஸ்டீல் கியர்பொக்ஸில் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும் ஊதாப் பசை, ஊசி முனையளவு. பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டும் படவிடவில்லை, மரைப் பசை ஏபிஎஸ்ஸை விரிசல் விட வைக்கும்.

மேல் பாதியை மூடும் முன் அந்த பிஎச்2 டிரைவரை அவன் கையில் கொடுத்து, கடைசி ஸ்குரூவை அவனையே போடச் சொன்னேன். பாதி வழியில் லேசாக வழுக்கியது. திருகுவதை நிறுத்திவிட்டு, முனையை எடுத்துப் பார்த்து, தலைக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பொடியை ஊதிவிட்டு மறுபடி வைத்தான்.