அளவு குறைக்கப்பட்ட ஸ்டீரொயிட்

சாவகச்சேரி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு ஐ.ஜி.ஏ. சிறுநீரக நோய் இருப்பது திசுப் பரிசோதனையில் தெரியவந்ததாம். ஸ்டீரொயிட் குளிசை தொடங்கலாம் என்று வைத்தியர் கூற, அது சிறுநீரகத்தையே பழுதாக்கும் என்று அயலவர்கள் தடுக்கிறார்களாம். எது சரி என்பது அவரது கேள்வி.

1968இல் பாரிசில் ஜோன் பெர்ஜே, நிக்கோல் இங்லே ஆகியோர் முதன்முதலில் விவரித்த நோய் இது. ஐ.ஜி.ஏ. என்பது குடல், தொண்டை ஆகியவற்றின் சளிச்சவ்வைக் காக்கும் பிறபொருளெதிரி. அதன் ஒரு வகையில் இணைந்திருக்க வேண்டிய கலக்டோசு வெல்லம் சிலரில் குறைவுபடுகிறது. குறைவுபட்ட மூலக்கூறை உடல் அந்நியமெனக் கருதி அதற்கெதிராக வேறு பிறபொருளெதிரிகளை உருவாக்க, இரண்டும் பிணைந்து, சிறுநீரகத்தில் குருதியை வடிக்கும் கலன்கோளத்தில் படிந்து அழற்சியை மூட்டுகின்றன. சிறுநீரில் குருதியும் புரதமும் கசிகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல வடுவும் விழுகிறது.

ஸ்டீரொயிட் கலத்துக்குள் செய்யும் வேலை மிக அழகானது. கொழுப்பில் கரையும் அம்மூலக்கூறு கலமென்சவ்வை எளிதில் ஊடுருவுகிறது. உள்ளே, துணைப் புரதங்கள் தாங்கிப் பிடித்திருக்கும் 'வாங்கி' என்னும் புரதம் ஒன்று அதற்காகவே காத்திருக்கிறது. மருந்து பொருந்தியதும் வாங்கி உருமாறி, துணைப் புரதங்களிலிருந்து விடுபட்டுக் கலத்தின் கருவுக்குள் நுழைந்து, அழற்சிப் புரதங்களுக்கான பரம்பரையலகுகளை இயக்கிவிடும் என்.எஃப். கப்பா-பி என்னும் காரணியை அடக்குகிறது. அதாவது அழற்சி மூண்டபின் அணைப்பதோடு நில்லாமல், மூட்டுவதற்கான கட்டளையையே எழுதவிடாமல் தடுக்கிறது. ஆனால் அந்த வாங்கி ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் உண்டு. ஒரு வீட்டில் மின்னொழுக்கு ஏற்பட்டதற்காக ஊர் முழுவதற்கும் மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற வைத்தியம் இது. எலும்பு தேய்கிறது, குருதி வெல்லம் உயர்கிறது, தொற்றுகளை எதிர்க்கும் வலு குன்றுகிறது. அயலவர்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. சிறுநீரகத்தைச் சுட்டியதுதான் பிழை.

2015இல் வெளியான ஜேர்மனியப் பரிசோதனையொன்று, ஐ.ஜி.ஏ. நோயுள்ள 162 பேரில், ஸ்டீரொயிட் உள்ளிட்ட, நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையால் சிறுநீரகத் தொழிற்பாட்டின் வீழ்ச்சி குறையவில்லை எனக் கண்டது. இதற்கிடையில், அவுஸ்திரேலியா, கனடா, சீனா, இந்தியா, மலேசியா ஆகிய நாடுகளில் 'டெஸ்டிங்' என்ற பெரிய பரிசோதனை 2012இல் தொடங்கியிருந்தது. நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் கசிந்த நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மெதைல்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொயிட்டும் மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் வழங்கப்பட்டன. உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 மில்லிகிராம் என்ற அளவில் கடும் தொற்றுகள் மிகுந்து இருவர் இறந்ததால், 262 பேருடன் நோயாளரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பலர் அத்துடன் கைவிட்டிருப்பர். இந்த ஆய்வாளர்களோ அளவை 0.4 மில்லிகிராமாகக் குறைத்து, நியூமோசிஸ்டிஸ் நுரையீரல் தொற்றைத் தடுக்கும் குளிசையையும் சேர்த்து மீண்டும் தொடங்கினர்.

2022இல் வெளியான முடிவின்படி, மொத்தம் 503 பேரில் சிறுநீரகத் தொழிற்பாடு 40 சதவீதம் வீழ்தல், செயலிழத்தல், சிறுநீரக நோயால் இறத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மருந்துப்போலி பெற்றோரில் 43.1 சதவீதத்தினருக்கும், மருந்து பெற்றோரில் 28.8 சதவீதத்தினருக்கும் நேர்ந்தது. மருந்து பெற்றோரில் கடும் பக்கவிளைவுக்கு உள்ளான 28 பேரில் 22 பேர் முதலில் வழங்கிய கூடிய அளவை எடுத்தவர்கள். பங்கேற்றோரில் பெரும்பான்மையினர் சீனர் என்பதையும் மறத்தலாகாது.

காப்புரிமை காலாவதியான மலிவு மருந்தின் சரியான அளவைத் தேடுவதில் எந்த மருந்து நிறுவனத்துக்கும் பெரிய இலாபம் இல்லை. இத்தகைய ஆய்வுக்குப் பொதுப்பணம் செலவிடப்பட வேண்டும் என்பதே என் கருத்து. எமது பல்கலைக்கழகங்களின் ஆய்வு நிதியில் இதற்கும் ஒரு பங்கு கேட்கலாம்.

ஐ.ஜி.ஏ. நோயை வவுனியா, அனுராதபுரம் பகுதிகளில் பரவலாகக் காணப்படும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முதன்மையாகச் சிறுநீரகத்தின் சிறுகுழாய்களையும் அவற்றின் இடைத்திசுவையும் தாக்குவது. மேற்கண்ட முடிவுகள் அதற்குப் பொருந்தா. சாவகச்சேரி வாசகர் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை: மகனின் நாளாந்தப் புரதக் கசிவு எவ்வளவு, குருதியழுத்த மருந்துகள் போதிய காலம் கொடுக்கப்பட்டனவா, தொற்றுத் தடுப்புக்கு என்ன ஏற்பாடு என்பன. தொடங்கிய குளிசையை எவர் சொல் கேட்டும் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வந்த ஸ்டீரொயிட்டுக்குப் பழகிய, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனற் சுரப்பி தன் சுரப்பைக் குறைத்திருக்கும், அது மீளச் சுரக்க வாரங்கள், சிலவேளை மாதங்கள் வேண்டும். 'டெஸ்டிங்' பரிசோதனையிலும் ஆறு முதல் ஒன்பது மாதங்களில், படிப்படியாகவே மருந்து விலக்கப்பட்டது.