அலர்ஜி மருந்து டெஸ்ட்டுக்கு கூப்பிடறாங்களா? கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதை படிங்க

அலர்ஜி மாத்திரை வேலை செய்யுதான்னு பார்க்க ஆளுங்கள மூடின ரூம்ல உக்கார வச்சு, மகரந்தத்தூள அளந்து காத்துல விட்டு, தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்புக்கெல்லாம் அவங்களையே மார்க் போடச் சொல்வாங்க. வியன்னா, கனடாவுல கிங்ஸ்டன், ஜெர்மனியில ஹனோவர்னு இதுக்குன்னே பெரிய ரூம் கட்டி வச்சிருக்காங்க. ரூம்ல விடறதோ, நேரா மூக்குலயே மகரந்தத்த தெளிக்கிறதோ, மருந்து ட்ரையல்னு (மருந்த ஆளுங்க மேல சோதிக்கிறது) இந்தியாவுல நடந்தா 2019-ல வந்த புது மருந்து, கிளினிக்கல் ட்ரையல் விதிகள்தான் பொருந்தும். பின்னணி இவ்ளோ போதும்.

வடசென்னையில வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் மருந்து டெஸ்ட்டுக்கு ஆள் புடிக்கிற ஏஜெண்ட்டுங்க முதல்ல சொல்றது "வீசிங் இருக்குன்னு சொல்லிடாத, எடுக்க மாட்டாங்க". தயவுசெஞ்சு இதை கேக்காதீங்க. மணலி புகையிலயும் எண்ணூர் சாம்பல்லயும் வளர்ந்த பசங்க எத்தனை பேருக்கு இழுப்பு இருக்குன்னு நமக்கே தெரியும். கட்டுப்பாட்டுல இல்லாத ஆஸ்துமாக்காரங்கள சேக்காததுக்கு காரணம் மூச்சு அடைச்சா உயிருக்கே ஆபத்து. அதுவும் ரூம்ல இருக்கும்போதே வரணும்னு இல்ல, வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழிச்சு கூட வரும், அதனால ராத்திரி எந்த நம்பருக்கு போன் பண்ணணும்னு எழுதி வாங்கிட்டு கெளம்புங்க. தினமும் போடற செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைய முன்கூட்டியே நிறுத்தச் சொல்வாங்க, மருந்தே இல்லாத டம்மி மாத்திரையும் கிடைக்கலாம், அதனால இது வைத்தியம்னு நம்பி போகாதீங்க.

கையெழுத்து போடற சம்மதப் படிவத்துல வருஷ வருமானம், நாமினி பேரு, உறவு எல்லாம் கேக்கும். ஏஜெண்ட் நாமினி கட்டத்த காலியா விடுவான், இல்ல தன் ஆளு பேர போடுவான், நீங்களே எழுதுங்க. சம்மதப் படிவம், ட்ரையல பத்தி விளக்குற தகவல் தாள் ரெண்டுலயும் காப்பி உங்க கையில தரணும்னு விதியிலயே இருக்கு. "அப்புறம் தர்றோம்"னா கையெழுத்தும் அப்புறம்தான். நடுவுல வேணாம்னு வெளிய வரவும் உங்களுக்கு உரிமை இருக்கு.

உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா அலைக்கழிப்பு ஆரம்பிக்கும். டாக்டர் கம்பெனிய கை காட்டுவார், கம்பெனி ஏஜென்சிய கை காட்டும், ஏஜென்சி ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இப்படி அலைஞ்சே ஓஞ்சு போய் விட்டுட்டான், கையில ஒரு காகிதம் கூட இல்ல. நஷ்டஈடு குடுக்க வேண்டியது ட்ரையல நடத்துற ஸ்பான்சர்தான், பெரும்பாலும் அந்த மருந்து கம்பெனி. பாதிப்பு ட்ரையலால வரலன்னு நிரூபணம் ஆகுற வரைக்கும், இல்ல இனி தேவையில்லன்னு டாக்டர் சொல்ற வரைக்கும், வைத்தியம் இலவசம், "முதல்ல காரணம் தெரியட்டும்"னு உங்கள நிக்க வைக்கக் கூடாது. இன்னொரு சாக்கு, "இது மருந்தால இல்லப்பா, மகரந்தத்தால". ட்ரையல்ல செய்யற எந்த நடைமுறையால பாதிப்பு வந்தாலும் நஷ்டஈடு உண்டு, மகரந்தத்த விட்டதே அவங்கதானே.

காசு கணக்குலயும் ஒரு பள்ளம் இருக்கு. உயிரும் போகல, ஊனமும் இல்ல, அட்மிட் ஆகி சரியாயிட்டீங்கன்னா, டெல்லியில அன்ஸ்கில்டு தொழிலாளியோட ஒரு நாள் குறைஞ்சபட்ச கூலி, அதுல 2 மடங்கு, பெருக்கல் ஆஸ்பத்திரியில இருந்த நாள். நெபுலைசர் (மூச்சுக்கு புகை மாதிரி மருந்து குடுக்கற மெஷின்) வச்சு அட்மிட் பண்ணாம வீட்டுக்கு அனுப்பிட்டா இந்தக் கணக்குல நாளே இல்ல! அதனால டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாம ஆஸ்பத்திரி வாசல தாண்டாதீங்க, அதுல அட்மிட் ஆன தேதி சரியா இருக்கான்னு அங்கயே பாருங்க.

அட்மிட் பண்ற அளவுக்கு போனா ட்ரையல் டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள மத்திய மருந்து கட்டுப்பாட்டு ஆபீஸுக்கும், ஸ்பான்சருக்கும், ட்ரையல்ல சேர்றவங்க பாதுகாப்ப பார்க்கற எதிக்ஸ் கமிட்டிக்கும் தகவல் சொல்லணும், சொன்னாங்களான்னு எழுத்துல கேளுங்க. கமிட்டி நம்பர் தகவல் தாள்லயே இருக்கும். தேனாம்பேட்டை மாநில மருந்து கட்டுப்பாட்டு ஆபீஸ்ல போய் நிக்காதீங்க, இது அவங்க முடிவு பண்ற விஷயம் இல்ல, நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன்ல மத்திய மருந்து கட்டுப்பாட்டோட தென்மண்டல ஆபீஸ் இருக்கு, புகார அங்க எழுத்துல குடுங்க. காப்பியில சீலும் தேதியும் போட மாட்டேன்னா ராயபுரம் போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீட் போஸ்ட் போட்டு ரசீத பத்திரமா வைங்க. நஷ்டஈடு ஆர்டர் வந்தா 30 நாளுக்குள்ள ஸ்பான்சர் காசு கட்டணும், ஆர்டர் காப்பி ஒண்ணு கேட்டு வாங்கிக்கோங்க.