ரிமோட் டெஸ்க்டாப் வரலையா? அது எப்டி வரலன்னு பாருங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துல கடை, அங்க டாலி ஓடுற விண்டோஸ் மெஷின். கணக்கு பாக்குறவர் இருக்கறது பாண்டிச்சேரி லாஸ்பேட்டைல, கையில உபுண்டு லேப்டாப்னு வைங்க. ராத்திரி ஜிஎஸ்டி வேலைக்கு, தூரத்து மெஷினோட ஸ்க்ரீன இங்க கொண்டு வர்ற ரெம்மினாங்கற சாஃப்ட்வேர திறந்து கனெக்ட் குடுத்தா ஒண்ணும் வரல. உடனே நம்மாளுங்க ரெண்டு பக்கமும் ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, அப்புறம் சாஃப்ட்வேர அழிச்சிட்டு திரும்ப போடுவாங்க. வேணாம், பாதி பதில் அது ஃபெயில் ஆகற விதத்துலயே இருக்கு.

ரொம்ப நேரம் சுத்தி டைம் அவுட் ஆச்சுன்னா, நாம அனுப்பின டேட்டா பாக்கெட் அங்க போயே சேரல, இல்லன்னா நடுல காவல் நிக்கற பயர்வால் அத சத்தமில்லாம முழுங்கிடுச்சு. அமுக்கின உடனே ரெஃப்யூஸ்டுன்னு வந்தா அது நல்ல சகுனம்தான், அநேகமா மெஷின் உயிரோட இருக்கு, அந்த போர்ட்ல, அதாவது நாம தட்டின நம்பர் போட்ட கதவுல, கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. விண்டோஸோட சொந்த ரிமோட் டெஸ்க்டாப் முறையான ஆர்டிபிக்கு போர்ட் 3389, அதே வேலைய செய்யற இன்னொரு முறையான விஎன்சிக்கு 5900. கடைல இருக்கறது விண்டோஸ் ஹோம்னா அங்கயே கதை முடிஞ்சுது, அதுல ஆர்டிபி சர்வர் கிடையாது, ப்ரோ வேணும். மெஷின் இருக்கான்னு கூப்பிட்டு பாக்கற பிங்குக்கு பதில் வரலன்னு மட்டும் எதையும் முடிவு பண்ணாதீங்க, விண்டோஸ் பயர்வால் பிங்குக்கு வாய தொறக்காம இருக்கறது சகஜம், என்மேப்ங்கற டூல வெச்சு போர்ட்டையே நேரா கேளுங்க.

இன்னொண்ணு, 192.168ன்னு ஆரம்பிக்கற அட்ரஸ் கடைக்குள்ள மட்டும்தான் செல்லும். ரவுட்டர் வெளிப்பக்கம் வாங்கிருக்கற அட்ரஸ் 100.64லேந்து 100.127க்குள்ள இருந்தா, ஒரே பப்ளிக் ஐபிய நெட் கம்பெனிக்காரன் பல பேருக்கு பிரிச்சு குடுத்திருக்கான்னு அர்த்தம், வெளிலேந்து வர்றத ரவுட்டர் கடை மெஷினுக்கு திருப்பி விடற போர்ட் ஃபார்வேர்டிங் வேலைக்காகாது. அது வேலைக்காகற இடத்துலயும் ஆர்டிபி போர்ட்ட அப்டி வெளிய திறந்து விடாதீங்கன்னுதான் சொல்லுவேன்! 2019ல வெளிய தெரிஞ்ச ப்ளூகீப் ஓட்டை வழியா பழைய விண்டோஸ்ல பாஸ்வேர்டே இல்லாம உள்ள நுழைய முடிஞ்சுது. வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன், அதாவது நெட்டுக்குள்ளயே பூட்டின தனி பாதை, போட்டு அதுக்குள்ள ஆர்டிபி ஓட்டுங்க.

பாஸ்வேர்ட் வரைக்கும் வந்து தள்ளி விட்டா நெட்வொர்க்க நோண்டறது வீண். இப்பல்லாம் ஸ்க்ரீன காட்டறதுக்கு முன்னாடியே நீ யாருன்னு கேட்டுடும், அதுல கடை மெஷின்ல தினமும் போடற 4 நம்பர் பின்ன குடுத்தா எடுக்காது, ஏன்னா அந்த பின் அந்த ஒரு மெஷினோட கட்டினது, நெட்வொர்க் வழியா வர்றவனுக்கு அது இல்ல. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்னா முழு மெயில் ஐடியும் அதோட பாஸ்வேர்டும்தான்.

தலகீழா, விண்டோஸ்லேந்து உபுண்டுவுக்கு எக்ஸ்ஆர்டிபில (லினக்ஸ்ல ஓடற ஆர்டிபி சர்வர்) போறவங்களுக்கு சில நேரம் லாகின் ஆகி வெறும் கறுப்பு ஸ்க்ரீன் வரும். அதே யூசர் அங்க நேர்லயும் லாகின் ஆகி உக்காந்திருந்தா ரெண்டு செஷனும் முட்டிக்கும், முதல்ல அங்க லாக் அவுட் பண்ண சொல்லுங்க, நிறைய பேருக்கு அதோட சரியாயிடும்.

எல்லாம் சரி, உள்ள போயாச்சு, தமிழ் அடிச்சா இங்கிலீஷ் எழுத்தா வருது. ஆர்டிபி பொதுவா எழுத்த அனுப்பறதில்ல, எந்த கீய அமுக்கினோம்ங்கற நம்பரத்தான் அனுப்புது, அது என்ன எழுத்துன்னு முடிவு பண்றது அந்தப் பக்கத்து கீபோர்ட் செட்டிங். அதனால உபுண்டுல தமிழ்99 போட்டு வெச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, கடை விண்டோஸ்ல போடணும், இந்தப் பக்கம் இங்கிலீஷ்லயே விட்டுடுங்க. விஎன்சி வேற மாதிரி, அது எழுத்தோட அடையாளத்தையே அனுப்பும், ஆனா அதுலயும் அந்தப் பக்கத்து சர்வருக்கு தமிழ் எழுத்து புரியணும், எல்லாத்துக்கும் புரியறதில்ல.