ஐம்பது கிராம் இரும்பும் ஒரு ரப்பர் பெல்ட்டும்

கனடாவின் சட்பரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 1990களில் வந்த, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஒன்றை மலிவாக வாங்கினாராம். எஞ்சின் நன்றாக இரைகிறது, வண்டிதான் ஓட மாட்டேன் என்கிறது. கையிலிருக்கும் சொற்பத் தொகையில் சைலன்சரை மாற்றுவதா, கார்புரேட்டரை மாற்றுவதா என்று கேட்கிறார். இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். முதலில் கிளட்சைத் திறந்து பாருங்கள்.

ஸ்னோமொபைலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சக்கரத்துக்குப் பதில் அகலமான ரப்பர் பட்டை. கியூபெக்கின் வால்கூர் ஊர்க்காரரான ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959இல் கொண்டுவந்த ஸ்கி-டூதான் இந்தச் சிறிய வண்டியை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஆளோடு சேர்த்து 300 கிலோ வந்தாலும் அந்த எடை பட்டை முழுக்கப் பரவிவிடும். அதனால் நம் காலடி புதைகிற பனியிலும் வண்டி மேலேயே நிற்கும்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். கீழ்ச் சுற்றுகளில் சோம்பலாக இருக்கும், ஒரு குறிப்பிட்ட சுற்றைத் தொட்டதும் பாயும். நம் வாசகரின் எஞ்சினுக்கு அந்த இடம் நிமிடத்துக்கு 8000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் கியரை மாற்றி மாற்றி எஞ்சினை அங்கேயே வைத்திருப்போம். ஸ்னோமொபைலில் கியரே கிடையாது. அந்த வேலையைச் செய்வது இரண்டு கிளட்சும் நடுவில் ஓடும் ஒரு பெல்ட்டும். இதை முதன்முதலில் பிரித்துப் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை.

முன் கிளட்ச் எஞ்சின் தண்டின் நுனியில் இருக்கிறது. கூம்பு போலச் சரிந்த இரண்டு தட்டுகள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு ஸ்பிரிங் அவற்றை விலக்கி வைத்திருக்கும், பெல்ட் நடுவில் பிடிப்பில்லாமல் கிடக்கும். நகரும் தட்டின் முதுகில் பெரும்பாலும் மூன்று இரும்பு எடைகள், கீல் வைத்துத் தொங்கும். திருவிழா ராட்டினத்தில் சுற்றச் சுற்றத் தொட்டில்கள் வெளியே வீசப்படுவது போல, இவையும் வேகம் ஏற ஏற வெளியே விரிந்து தட்டை உள்ளே தள்ளும். தட்டுகள் நெருங்கும், பெல்ட்டைக் கவ்வும், அதை விளிம்பை நோக்கி ஏற்றும்.

ஒரு கோழிமுட்டை அளவு எடை, அதாவது 50 கிராம், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி 8000 சுற்றில் சுழல்கிறது. அது வெளியே இழுக்கும் விசை சுமார் 180 கிலோ! 4000 சுற்றில் இதே எடை 45 கிலோதான் இழுக்கும். சுற்று பாதியானால் விசை கால்வாசியாகிவிடும், பள்ளியில் படித்த அதே சூத்திரம். அதனால்தான் எடையில் ஒரே ஒரு கிராமை மாற்றினாலும், எஞ்சின் நிலைகொள்ளும் சுற்று எண்பது, நூறு என்று நகர்ந்துவிடும்.

சரி, பின் கிளட்ச்? அதிலும் இரண்டு தட்டுகள், ஆனால் அங்கே ஸ்பிரிங் அவற்றைச் சேர்த்து அழுத்துகிறது. முன்னால் பெல்ட் ஏறினால் இங்கே உள்ளே இறங்கியாக வேண்டும். புறப்படும்போது எஞ்சின் மூன்று சுற்று சுற்றினால், பட்டையை ஓட்டும் பின் கிளட்சின் தண்டு ஒரு சுற்று என்றால், வேகத்தில் அது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். அழகே இனிமேல்தான். நகரும் தட்டு ஒரு திருகுச் சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேட்டில் ஏறும்போது பட்டை தண்டைப் பின்னுக்கு இழுக்கும், பெல்ட் தட்டை முன்னுக்கு இழுக்கும். இந்த இழுபறியில் தட்டு சரிவில் திரும்பி, ஜாடி மூடி இறுகுவது போல பெல்ட்டை இறுக்கிப் பிதுக்கும். பெல்ட் இங்கே மேலே ஏறும், முன்னால் கீழே இறங்கும், கியர் குறைந்த மாதிரி ஆகிவிடும். எஞ்சின் 8000லேயே பாடிக்கொண்டிருக்கும். ஒரு கம்பியோ சிப்போ இல்லாமல் இரும்பும் ரப்பரும் சுமையை உணர்ந்து பதில் சொல்கின்றன. நம்மூர் ஸ்கூட்டர்களிலும் இதன் தங்கைதான் இருக்கிறாள், அங்கே எடைகளுக்குப் பதில் உருளைகள்.

இப்போது வாசகரின் வண்டிக்கு வருவோம். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருக்கலாம், பக்கங்கள் கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கலாம். தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் இற்றுப்போனால் எஞ்சின் கோணிக்கொள்ளும், இரண்டு கிளட்சும் நேர்க்கோட்டில் நிற்காது, எத்தனை புது பெல்ட் போட்டாலும் கிழியும். இவையெல்லாம் சில்லறைச் செலவுகள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: இது ராக்கி மலைப் பக்கம் ஓடிய வண்டியா? 2500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் ஏறக்குறைய கால்வாசி பலத்தை இழக்கும். அதனால் அங்கே எடைகளைக் குறைத்து, கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டிருப்பார்கள். அதே வண்டி தாழ்வான சட்பரிக்கு வந்தால் சுற்று எகிறும், பெட்ரோல் போதாமல் பிஸ்டன் ஓட்டையாகும். பழைய மாடல்களின் எடை, ஸ்பிரிங், ஜெட் அட்டவணைகளை நிறுவனங்கள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு தாள் இல்லாமல் எத்தனையோ நல்ல எஞ்சின்கள் குப்பைக்குப் போகின்றன.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரியும். அதே போல "எண்ணெயை அள்ளி ஊற்றினால் எஞ்சின் பிழைக்கும்" என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஜெட் துளை வழியே போகும் திரவத்தின் அளவு கிட்டத்தட்ட மாறாது. எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறையும், எரிதல் இன்னும் சூடாகும். கையேடு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்றால் 50க்கு 1தான்.

இதையெல்லாம் முடித்த பிறகு, கிளட்ச் மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டு, உறைந்த வயலில் நேராக முழு திராட்டிலில் விரட்டுங்கள். கண் சுற்றுமானியில் இருக்கட்டும். கையேடு சொல்லும் சுற்றைத் தாண்டி ஓடினால் எடையை ஒரு கிராம் கூட்டுங்கள், எட்டவே இல்லை என்றால் ஒரு கிராம் குறையுங்கள். மூன்று எடைகளையும் சமமாக மாற்ற வேண்டும். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று கிடைத்தால் நல்லது.